கொசுவை விட்டே கொசுவை ஒழிப்பதா? வோல்பாக்கியா போடும் கணக்கு

புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்காகக் காத்திருக்கிறீர்கள். சீருடை அணிந்த ஒருவர் வருகிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடியைத் திறந்து மெதுவாகத் தட்டுகிறார். உள்ளே இருந்து கொசுக்கள் பறந்து போகின்றன.

பக்கத்தில் நிற்கும் அக்காவுக்குக் கோபம். "என்னங்க இது? வீட்ல கொசு முட்டை இருந்தா அபராதம் போடுறாங்க. இப்போ அவங்களே கொண்டாந்து விடுறாங்க!"

நியாயமான கேள்விதான். சுருக்கமான பதில் இது: பறந்தவை ஆண் கொசுக்கள். ஆண் கொசு கடிக்காது. பூந்தேனும் செடிச் சாறும்தான் அதன் சாப்பாடு. அதன் உடலுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கிறது. அந்த ஆணோடு நம் வட்டாரத்து ஏடிஸ் பெண் கொசு சேர்ந்தால், அது இடும் முட்டைகள் பொரிக்காது. கொசு குறையும். டெங்கியும் குறையும்.

இதுவரை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். அடுத்த கேள்விதான் சுவாரசியமானது. ஒரு பாக்டீரியா எதற்காக இப்படிச் செய்கிறது? தனக்கு இடம் கொடுத்த கொசுவின் வாரிசுகளையே அழிப்பதில் அதற்கு என்ன லாபம்?

இதற்கு விடை தெரிந்தால் இன்னொன்றும் புரியும். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே பாக்டீரியாவைக் கிட்டத்தட்ட எதிரெதிரான இரண்டு வழிகளில் பயன்படுத்துகின்றன. அது ஏன்?

விஷயம் சின்னது இல்லை. 2020ஆம் ஆண்டு சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்தது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு மட்டும் 130,000க்கும் மேற்பட்ட சம்பவங்கள். 182 பேர் உயிரிழந்தனர். டெங்கிக் கிருமியைக் கொல்லும் தனி மருந்து இன்னும் புழக்கத்தில் இல்லை. அதனால் கொசுவைக் கட்டுப்படுத்துவதே முக்கியமான தற்காப்பு.

வோல்பாக்கியா என்பது என்ன?

வோல்பாக்கியா ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது அல்ல. 1924ஆம் ஆண்டு மார்ஷல் ஹெர்டிக், பர்ட் வோல்பாக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அதை முதன்முதலில் கண்டார்கள். வீடுகளில் இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் வகைக் கொசுவின் உடலுக்குள் அது இருந்தது. 1936ஆம் ஆண்டு ஹெர்டிக் தம் சகாவின் பெயரையே அதற்கு வைத்தார்.

இன்றைய மதிப்பீடுகளின்படி, உலகில் ஏறக்குறையப் பாதிப் பூச்சி இனங்களில் வோல்பாக்கியா இருக்கிறது. ஈ, வண்ணத்துப்பூச்சி, குளவி, வண்டு என்று அது குடியிருக்கும் இடங்கள் ஏராளம். அது பூச்சியின் உயிரணுக்களுக்கு உள்ளேயே வாழ்கிறது. வெளியே தனியாக வாழ அதனால் முடியாது.

இப்படி இரண்டு உயிர்கள் ஒட்டி வாழ்வதைக் கூட்டுவாழ்வு என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நட்பு, ஒத்துழைப்பு என்றெல்லாம் நினைக்கத் தோன்றும். சில ஜோடிகளுக்கு அது பொருந்தும்.

செடிகளின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடலுக்குள் புக்னேரா என்ற பாக்டீரியா 16 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கிறது. செடிச் சாற்றில் இல்லாத அமினோ அமிலங்களை அது பூச்சிக்குத் தயாரித்துக் கொடுக்கிறது. பதிலுக்குப் பூச்சி அதற்குப் பாதுகாப்பும் உணவும் தருகிறது. சொகுசான வாழ்க்கைதான், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. வெளியுலகில் பிழைக்கத் தேவையான மரபணுக்களைப் புக்னேரா ஒவ்வொன்றாக இழந்துவிட்டது. அதன் தூரத்து உறவான ஈ. கோலி பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியில் சுமார் 46 லட்சம் எழுத்துகள். புக்னேராவில் மிஞ்சியிருப்பது சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம்தான்.

வோல்பாக்கியாவும் சில இடங்களில் நல்ல பிள்ளைதான். மூட்டைப்பூச்சிக்கு அது பி வைட்டமின்களைத் தயாரித்துத் தருகிறது. அது இல்லாவிட்டால் மூட்டைப்பூச்சி ஒழுங்காக வளராது.

ஆனால் பல பூச்சிகளில் அது வேறு முகம் காட்டுகிறது. காரணம், அது ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும் பாதை.

அம்மா வழிச் சொத்து

வோல்பாக்கியா முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. முட்டை பெரியது, உள்ளே இடம் இருக்கிறது. விந்தணுவில் அதற்கு இடமே கிடையாது. அதாவது, இது முழுக்க முழுக்க அம்மா வழிச் சொத்து.

இதை வோல்பாக்கியாவின் கண்ணோட்டத்தில் யோசித்துப் பாருங்கள். பெண் பூச்சிக்குள் இருந்தால் எதிர்காலம் உண்டு. ஆண் பூச்சிக்குள் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான், அந்த ஆணோடு கதை முடிந்தது.

பாக்டீரியாவுக்கு யோசிக்கத் தெரியாது. ஆனால் பெண் வழியில் அதிகமாகப் பரவ உதவும் எந்தத் தற்செயலான மாற்றமும் அடுத்தடுத்த தலைமுறைகளில் பெருகும். உதவாதது மறைந்துபோகும். பரிணாமம் செயல்படும் விதம் அதுதான்.

அப்படிப் பெருகிய உத்திகள் பல. சில பூச்சிகளில் வோல்பாக்கியா ஆண் கருக்களை மட்டும் கொல்கிறது. சில குளவி இனங்களில் ஆணே தேவையில்லாமல் பெண்கள் பெண்களை மட்டும் பெறுகின்றன.

கொசுவில் நடப்பது இன்னும் தந்திரமானது. நான்கு விதமான ஜோடிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

- ஆண், பெண் இரண்டிலும் வோல்பாக்கியா இல்லை: முட்டை பொரிக்கும்.
- பெண்ணில் மட்டும் இருக்கிறது: முட்டை பொரிக்கும். குஞ்சுகளிலும் வோல்பாக்கியா இருக்கும்.
- இரண்டிலும் ஒரே வகை வோல்பாக்கியா: முட்டை பொரிக்கும். குஞ்சுகளிலும் வோல்பாக்கியா இருக்கும்.
- ஆணில் மட்டும் இருக்கிறது: முட்டை பொரிக்காது.

கடைசி வரியைக் கவனியுங்கள். வோல்பாக்கியா இல்லாத பெண்தான் நஷ்டப்படுகிறது. வோல்பாக்கியா இருக்கும் பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஆக, எதிர்காலம் இல்லாத ஆணுக்குள் இருக்கும் பாக்டீரியா, போட்டிக் குடும்பத்துப் பெண்களின் முட்டைகளைக் கெடுத்துவிட்டுப் போகிறது. லாபம், பக்கத்தில் இருக்கும் தன் சொந்தக்காரப் பாக்டீரியாவுக்கு.

இதில் கொசுவின் நலனும் இல்லை, மனிதர்களின் நலனும் இல்லை. பாக்டீரியாவின் சுயநலம் மட்டும்தான்.

நஞ்சும் முறிவு மருந்தும்

ஆணுக்குள் இருக்கும் பாக்டீரியா எப்படி முட்டையைக் கெடுக்கிறது? விந்தணுவில் அது இருக்காது என்று இப்போதுதானே சொன்னோம்?

2017ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் இரண்டு இதற்குக் காரணமான மரபணுக்களைக் கண்டுபிடித்தன. அவற்றின் பெயர் சிஃப்-ஏ, சிஃப்-பி. சிம்பிளாகச் சொன்னால், ஒன்று நஞ்சு, இன்னொன்று முறிவு மருந்து. ஆணின் உடலில் விந்தணு உருவாகும்போதே வோல்பாக்கியா தன் வேலையைச் செய்துவிட்டு விலகிக்கொள்கிறது. அந்த விந்தணு முட்டைக்குள் போனதும் அப்பா வழிக் குரோமோசோம்கள் சரியாகப் பிரிய முடியாமல் சிக்கிக்கொள்கின்றன. கரு ஆரம்பத்திலேயே இறந்துவிடுகிறது.

முட்டைக்குள் ஏற்கெனவே வோல்பாக்கியா இருந்தால் அங்கே முறிவு மருந்தும் தயாராக இருக்கும். கரு பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு வியப்பும் உண்டு. இந்த இரண்டு மரபணுக்களும் இருப்பது, பாக்டீரியாவின் மரபணுத் தொகுதிக்குள் எப்போதோ நுழைந்து ஒட்டிக்கொண்ட ஒரு வைரஸின் பகுதியில். கொசுக்குள் பாக்டீரியா, பாக்டீரியாவுக்குள் வைரஸ். அந்த வைரஸ் கொண்டுவந்த ஆயுதத்தைத்தான் நாம் இன்று டெங்கிக்கு எதிராகப் பயன்படுத்துகிறோம்.

இந்த யோசனை புதிதும் அல்ல. 1967ஆம் ஆண்டு ஹன்னஸ் லாவன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், பர்மாவில் ரங்கூனுக்கு அருகே ஒக்போ என்ற கிராமத்தில், ஒத்துப்போகாத ஆண் கியூலெக்ஸ் கொசுக்களை விட்டுப் பார்த்தார். அந்தக் கொசு யானைக்கால் நோயைப் பரப்புவது. சில மாதங்களுக்குள் கிராமத்தில் அந்தக் கொசு இல்லாமல் போனது. முட்டைகள் ஏன் பொரிக்கவில்லை என்பது அப்போது தெரியாது. அதற்கு வோல்பாக்கியாதான் காரணம் என்று 1971ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது.

ஒரே பாக்டீரியா, இரண்டு திட்டங்கள்

டெங்கியை அதிகம் பரப்புவது ஏடிஸ் எஜிப்டி கொசு. இயற்கையில் அதன் உடலில் பொதுவாக வோல்பாக்கியா இருப்பதில்லை. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னொரு கொசுவிலிருந்து ஒரு வகை வோல்பாக்கியாவை எடுத்து, மெல்லிய ஊசியால் எஜிப்டி முட்டைகளுக்குள் செலுத்தி வெற்றி கண்டார்கள். அந்த வகையின் பெயர் டபிள்யூ-அல்ப்-பி. கொசுவின் மரபணுவை யாரும் மாற்றவில்லை. பாக்டீரியா ஒரு முறை உள்ளே போனால் போதும், பிறகு அம்மா வழியாகத் தானே தொடரும்.

சிங்கப்பூரும் மலேசியாவும் பயன்படுத்துவது இந்த வகையைத்தான். ஆனால் திட்டம் வேறு.

சிங்கப்பூர் ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறது. கொசுவின் எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கம். தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016ஆம் ஆண்டு சிறிய அளவில் தொடங்கிய சோதனை, தெம்பனிஸ், ஈசூன் எனப் படிப்படியாக விரிந்து, இப்போது 500,000க்கும் மேற்பட்ட வீடுகளை எட்டியிருக்கிறது. குறைந்தது ஓராண்டு கொசு விடப்பட்ட வட்டாரங்களில் வசிப்போருக்கு டெங்கி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்ததாக வாரியம் கூறியிருக்கிறது.

மலேசியா ஆண், பெண் இரண்டையும் விட்டது. இங்கே நோக்கம் கொசுவை ஒழிப்பது அல்ல. ஊரில் இருக்கும் கொசுக்களுக்குப் பதிலாக வோல்பாக்கியா கொசுக்களைக் குடியேற்றுவது. எஜிப்டியின் உடலில் வோல்பாக்கியா இருந்தால் டெங்கிக் கிருமி எளிதில் பெருகாது. கொசு கடிக்கும், ஆனால் நோயைப் பரப்பும் ஆற்றல் குறைவாக இருக்கும். 2017ஆம் ஆண்டு சிலாங்கூரில் தொடங்கிய சோதனையில் டெங்கிச் சம்பவங்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறியது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரமும் இதே வழியில் போனது. ஆனால் அங்கே பயன்படுத்தியது பழ ஈயிலிருந்து எடுத்த டபிள்யூ-மெல் என்ற வகை. 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் டெங்கி 77 விழுக்காடு குறைந்திருந்தது.

மலேசியா ஏன் வேறு வகையைத் தேர்ந்தெடுத்தது? வெயில்தான் காரணம். சூடேறிய தண்ணீரில் கொசுப்புழு வளர்ந்தால், டபிள்யூ-மெல் வகையின் எண்ணிக்கை கொசுவின் உடலில் குறைந்துவிடுகிறது. டபிள்யூ-அல்ப்-பி வெப்பத்தை நன்றாகத் தாங்கும்.

எது நல்ல வழி?

இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கணக்கு. ஆனால் அது இரண்டு இடங்களில் இரண்டு விதமாக முடிகிறது.

சிங்கப்பூரில் பல ஆண்டுக் கட்டுப்பாட்டால் கொசு ஏற்கெனவே குறைவு. மக்களுக்கு டெங்கி எதிர்ப்புச் சக்தியும் குறைவு. கடிக்கும் பெண் கொசுவைக் கொண்டுவந்து விட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்? அதனால் ஆண் மட்டும். ஆனால் ஆண் கொசுவுக்கு எதிர்காலம் இல்லை என்று பார்த்தோம். அதாவது இந்தத் திட்டம் தானாகப் பரவாது. விடுவதை நிறுத்தினால், சுற்றுவட்டாரத்திலிருந்து கொசு திரும்ப வரும். வாராவாரம் வளர்க்க வேண்டும், வாராவாரம் விட வேண்டும். செலவு தொடரும்.

மலேசிய வழி வேறு. வோல்பாக்கியா கொசுக்களின் பங்கு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் பாக்டீரியாவே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏன் அப்படி? வோல்பாக்கியா ஆண்கள் எவ்வளவு அதிகமோ, வோல்பாக்கியா இல்லாத பெண்களுக்கு அவ்வளவு நஷ்டம். சிலாங்கூரின் சில இடங்களில் விடுவதை நிறுத்திய பிறகும் வோல்பாக்கியா நிலைத்து நின்றது. வேறு சில இடங்களில் வெளியிலிருந்து வந்த கொசுக்களால் அதன் பங்கு ஏறி இறங்கியது. அங்கே மறுபடியும் விட வேண்டியிருந்தது.

இப்போது ஒரு டவுட் வரும். சிங்கப்பூரில் ஆண்களோடு சேர்த்துத் தவறுதலாகச் சில பெண்களும் வெளியே போய்விட்டால்?

அந்தப் பெண்கள் கடிக்கும், ஆனால் பெரிய சிக்கல் அது அல்ல. அந்தப் பெண்ணின் முட்டைகளில் முறிவு மருந்து இருக்கும். நாம் விடும் ஆண்களோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும். அதன் குடும்பம் பெருகிவிட்டால், அந்த வட்டாரத்தில் ஆண் கொசுவை விட்டுப் பயனே இருக்காது. அதனால்தான் ஆண்-பெண் பிரிப்பதில் அவ்வளவு கவனம். கூட்டுப்புழுப் பருவத்தில் பெண் அளவில் பெரியது, ஆண் சிறியது. அதை வைத்து இயந்திரங்கள் பிரிக்கின்றன. அதையும் மீறித் தப்பும் பெண் முட்டையிட முடியாதபடி, குறைந்த அளவு எக்ஸ்-ரே கதிர்வீச்சும் பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

பரிணாமம் சும்மா இருக்குமா?

இருக்காது. எவ்வளவு வேகமாக அது வேலை செய்யும் என்பதற்கு ஒரு வண்ணத்துப்பூச்சி சாட்சி.

ஹைப்போலிம்னஸ் பொலினா என்ற அந்த வண்ணத்துப்பூச்சியைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நீங்கள் பார்த்திருக்கலாம். பசிஃபிக்கில் உள்ள சமோவாத் தீவுகளில் வோல்பாக்கியா அதன் ஆண் கருக்களைக் கொன்றுகொண்டிருந்தது. 2001ஆம் ஆண்டில் அங்கே 100 வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்றுதான் ஆண். 2006ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்தால், ஏறக்குறைய 40 விழுக்காடு ஆண்கள்! வோல்பாக்கியா எங்கும் போகவில்லை. அதன் பிடியை முறிக்கும் ஒரு மரபணு வண்ணத்துப்பூச்சியிடம் பரவியிருந்தது. அதற்கு எடுத்த காலம் சுமார் 10 தலைமுறைகள்.

கொசுவிலும் அப்படி நடக்கலாமா? கோட்பாட்டளவில் நடக்கலாம். வோல்பாக்கியா ஆண்களைத் தவிர்க்கும் பெண் கொசுக்கள் இருந்தால், அவற்றின் முட்டைகள்தான் பொரிக்கும். அந்தக் குணம் பெருகக்கூடும். பதிலாகக் குடியேற்றும் வழியிலும் கேள்வி உண்டு. அல்போபிக்டஸ் கொசுவிடம் இயற்கையாகவே வோல்பாக்கியா இருக்கிறது, ஆனாலும் அது டெங்கியைப் பரப்புகிறது. பாக்டீரியா புதிதாகக் குடியேறிய எஜிப்டியில்தான் கிருமியைத் தடுக்கும் ஆற்றல் வலுவாகத் தெரிகிறது. இருவரும் ஒருவருக்கொருவர் பழகப் பழக அந்த ஆற்றல் குறைந்துவிடுமா என்பதை ஆய்வாளர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள்.

இதுவரை கிடைத்த செய்தி நம்பிக்கை தருகிறது. ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் வட்டாரத்தில் 2011ஆம் ஆண்டு முதல் டபிள்யூ-மெல் கொசுக்கள் விடப்பட்டன. 7 ஆண்டுகள் கழித்துப் பிடித்த கொசுக்களில் அந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி பெரிதாக மாறவில்லை.

ஆனால் பரிணாமத்துக்கு 7 ஆண்டுகள் என்பது கண் சிமிட்டும் நேரம். அதனால் கண்காணிப்பை ஒருபோதும் நிறுத்த முடியாது.

அப்போ நாம என்ன செய்யணும்?

வோல்பாக்கியா நம் பக்கம் சேர்ந்துவிட்ட கூட்டாளி அல்ல. அது எப்போதும் தன் வாரிசுகளுக்காக மட்டுமே வேலை செய்கிறது. இப்போதைக்கு அதன் லாபமும் நம் லாபமும் ஒரே திசையில் போகின்றன. அந்தத் திசை மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அதற்கு ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. ஓர் எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். விடப்படும் ஆண்கள், வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆண்களோடு போட்டி போட வேண்டும். உங்கள் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் அங்கே பிறப்பவை அந்தப் போட்டியாளர்கள்தான். அதோடு, கடிக்கும் பெண்களும். கொசு அதிகம் பிறக்கும் இடத்தில் எத்தனை வோல்பாக்கியா ஆண்களை விட்டாலும் போதாது.

ஆகவே பழைய வேலைகள் எதுவும் முடிந்துபோகவில்லை. தொட்டித் தட்டைக் காலி செய்யுங்கள். வாளியைக் கவிழ்த்து வையுங்கள். பூச்சாடித் தண்ணீரை மாற்றுங்கள். இறுகிய மண்ணைக் கிளறி விடுங்கள். நடைபாதையில் வாரியம் வைத்திருக்கும் கொசுப் பொறியைத் தள்ளி வைக்காதீர்கள். அதில் சிக்கும் கொசுக்களை வைத்துத்தான் திட்டம் வேலை செய்கிறதா இல்லையா என்பதே தெரியவரும்.

கீழ்த்தளத்தில் கோபப்பட்ட அந்த அக்காவை மறுபடி பார்த்தால் சொல்லுங்கள். "பயப்படாதீங்க அக்கா, அது ஆண் கொசு, கடிக்காது. ஆனா உங்க வீட்டுப் பூந்தொட்டித் தட்டை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க."